செஸ் விளையாடினால் கணக்கில் மார்க் கூடுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

"செஸ் கிளாஸ்ல சேர்த்துவிட்டா போதும், கணக்கு தானா வந்துடும்" - பெற்றோர் பலரும் இப்படி நம்பித்தான் மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறார்கள். அது உண்மையா?

இங்கிலாந்தில் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். 100 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிப் பள்ளிகளில் 9, 10 வயது மாணவர்களுக்கு 30 வாரம் செஸ் கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து கணக்குத் தேர்வில் இரு தரப்பையும் ஒப்பிட்டால், வித்தியாசமே இல்லை. 2016-ல் இந்த முடிவு வெளியானது.

அப்படியென்றால் செஸ்ஸால் மூளைக்கு எதுவுமே கிடைக்காதா?

கிடைக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் செஸ் பலகையை 5 நொடி மட்டும் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தில் வந்த நிலை என்றால் தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவருக்கு நாலைந்துதான் நினைவில் நின்றது. அதே காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்தபோது? தேர்ந்த வீரரும் கிட்டத்தட்ட புதியவர் மாதிரியே தடுமாறினார்.

அதாவது, செஸ் பொதுவான ஞாபகசக்தியை ஏற்றிவிடும் டானிக் அல்ல. ராஜா, யானை, சிப்பாய் நிற்கும் அமைப்புகளை, தெரிந்த முகங்களை அடையாளம் காண்பது போல மூளை பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கம் கணக்குப் புத்தகத்துக்கு அப்படியே தாவிவிடுவதில்லை.

முதியவர்களுக்குச் செய்தி கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2003-ல் வெளியானது. செஸ் போன்ற பலகை விளையாட்டுகள், வாசிப்பு, இசைக்கருவி, நடனம் இவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாகவே வந்திருந்தது. விளையாட்டுதான் நோயைத் தடுத்ததா, நோய் வராதவர்கள்தான் தொடர்ந்து விளையாடினார்களா என்பதை இந்த வகை ஆய்வால் நிரூபிக்க முடியாது. செஸ்ஸுக்கு மட்டுமே கிடைத்த பெருமையும் இல்லை.

பிறகு ஏன் இத்தனை நூற்றாண்டுகளாக அலுக்கவில்லை?

தாயம் மாதிரி பகடை கிடையாது. அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட முடியாது. இருவரும் ஆளுக்கு ஒரு முறை காய் நகர்த்தினாலே 400 விதமான நிலைகள் உருவாகலாம். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு நொடி அசந்தால் போச்சு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நடப்பு சாம்பியன் டிங் லிரென் யானையை ஒரு தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். எதிரே இருந்த சென்னைப் பையன் குகேஷ் அதைக் கண்டுபிடித்தார். 18 வயதில் உலக சாம்பியன்.

பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால் தாராளமாகச் சேர்த்துவிடலாம். கணக்கில் மார்க் வேண்டுமென்றால், அந்த நேரத்தில் கணக்கு போடச் சொல்வதுதான் வழி.