தமிழ்த் தொலைக்காட்சியில் வரலாற்று நிகழ்ச்சிகள்

அரசர்கள், போர்கள், விடுதலை இயக்கங்கள், கோயில்கள், அகழாய்வுகள் ஆகியவற்றை வீட்டுத் திரைக்குக் கொண்டுவந்த தொடர்களும் ஆவணப்படங்களும் மொழிமாற்று நிகழ்ச்சிகளும் இத்தலைப்பில் அடங்கும். இவற்றின் கதையைச் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ சொல்லத் தொடங்குவதுதான் வழக்கம். தென்காசியிலிருந்தும் குற்றாலத்திலிருந்தும் தொடங்கினால் வேறொன்று தெரியும். தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை ஏறத்தாழ 24 ஆண்டுகள் தாங்கியிருந்த பெயர் இப்பகுதி மக்கள் அன்றாடம் நிமிர்ந்து பார்க்கும் மலைத்தொடரின் பெயர். அகத்தியர் அமர்ந்து தமிழ் வளர்த்த இடமென்று மரபு சொல்லும் பொதிகையை, 2000-இல் சென்னைத் தூர்தர்ஷன் தன் அலைவரிசைக்குச் சூட்டிக்கொண்டது. 2024 ஜனவரி 19 அன்று அந்தப் பெயர் நீங்கி, ‘டிடி தமிழ்’ ஆனது. சென்னைக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஓடும் ரயிலில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதே மாதம் முதல் தேதி வேறொரு பெரிய முயற்சியும் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் நாசா ஓராண்டுக்குக் கடனாகத் தந்த ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. பக்கத்திலிருந்த ஆந்திரமும் கர்நாடகமும் அந்தப் பட்டியலில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. சென்னைக் கோபுரத்தின் அலையோ அறுநூறு கிலோமீட்டர் தாண்டித் தென்கோடிக்கு எட்டாது. 1982-இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபோது, தென்மாவட்டங்களின் பல ஊர்களில் மொட்டைமாடிக் கம்பத்தில் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி அதைப் பிடித்துப் பார்த்தார்கள். தாய்நாட்டு ஒளிபரப்புக்கு முன் அண்டைநாட்டு ஒளிபரப்பைப் பார்த்த தலைமுறை அது. மறுஒளிபரப்பு நிலையங்கள் பெருகிய பிறகுதான் தூர்தர்ஷன் அவர்கள் வீட்டுக்குள் நிலைகொண்டது.

தொடக்க ஆண்டுகளில் தமிழ்த் திரையில் வரலாறு என்றால் பெரும்பாலும் சினிமாதான். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) ஆகிய பி.ஆர். பந்துலு படங்கள் கொட்டகையில் ஓடி முடித்த பிறகும் தொலைக்காட்சி வழியே திரும்பத் திரும்ப வந்தன. தென்காசி வட்டாரத்தாருக்கு இரண்டாவது படத்தில் வரும் வாஞ்சிநாதன் கதை சொந்தக் கதை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன், தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கோட்டைக்காரர். இந்தப் படங்களின் வசனங்களைப் பள்ளி மேடையில் பேசாத ஊர் இல்லை. ஆனால் படம் எங்கே வரலாற்றைத் தொடுகிறது, எங்கே கற்பனைக்குப் போகிறது என்று பிரித்துச் சொல்லும் நிகழ்ச்சி உடன் வரவில்லை. அந்தக் குறையின் விளைவை இன்றும் காணலாம்: கட்டபொம்மன் பேசியதாகப் பலர் ஒப்பிப்பது திரைக்கதை ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை.

வரலாற்றை வரலாறாகவே சொல்ல இந்தியத் தொலைக்காட்சி எடுத்த மிகப் பெரிய முயற்சி, ஷியாம் பெனகல் இயக்கிய ‘பாரத் ஏக் கோஜ்’. 1988-89-இல் 53 பகுதிகளாக ஒளிபரப்பானது. அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் நேரு எழுதிய ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ அதன் மூலநூல். ரோஷன் சேத் நேருவாக வந்து பார்வையாளரிடம் பேசுவார். ஓம் பூரி கதைசொல்லியின் குரலாகவும், பல பாத்திரங்களாகவும் வருவார். ராமாயணமும் மகாபாரதமும் தெருவையே வெறிச்சோட வைத்த காலத்தில், புராணத்துக்கும் வரலாற்றுக்கும் வேறுபாடு உண்டு என்பதைக் குரலுயர்த்தாமல் காட்டிய தொடர் அது. தமிழருக்கு அதில் தனிப்பட்ட காரணமும் உண்டு. சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் சோழப் பேரரசுக்கும் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. கண்ணகியும் ராஜராஜனும் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்க்கப்பட்ட முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. ஒரே ஒரு தடை, மொழி. கண்ணகி இந்தியில் பேசினாள். மதுரைக் கதையை மதுரைக்குத் தெற்கே இருப்பவர்கள் படத்தை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இவ்வளவு உயர்ந்த தொடருக்குத் தென்னகத்தில் கிடைத்திருக்க வேண்டிய செல்வாக்கு கிடைக்காமல் போனது பேரிழப்பு.

1990-இல் ஒளிபரப்பான ‘திப்பு சுல்தானின் வாள்’ வேறு வகை. படப்பிடிப்பின்போது 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் பிடித்த தீயில் 62 பேர் இறந்தார்கள். நாயகனாக நடித்த சஞ்சய் கான் பலத்த காயங்களுடன் பிழைத்தார். திப்புவை எப்படிக் காட்டுவது என்ற சர்ச்சை நீதிமன்றம் வரை போய், இது வரலாற்று ஆதாரம் என உரிமை கோரவில்லை என்ற அறிவிப்போடு தொடர் வெளிவந்தது. ஒரு வரலாற்றுத் தொடருக்கு முன்னால் அப்படி ஓர் எச்சரிக்கையைப் போடும் வழக்கம் அதன்பின் இந்தியத் திரையில் வேரூன்றியது. திப்புவின் கதை அமெரிக்க வரலாற்றிலும் தொடர்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றிய ராக்கெட்டுகளை ஆராய்ந்துதான் ஆங்கிலேயர் தங்கள் காங்கிரீவ் ராக்கெட்டைச் செய்தார்கள். 1814-இல் அதை பால்டிமோர் கோட்டை மீது ஏவினார்கள். அந்த இரவின் தீயொளி அமெரிக்க தேசிய கீதத்தில் இடம்பெற்றது. நாசாவின் வாலப்ஸ் தளத்தில் திப்புவின் ராக்கெட் படையைத் தீட்டிய ஓவியத்தை 1960-களில் கண்டு பெருமிதம் கொண்டதை ராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

அமெரிக்காவில் இந்த வகை நிகழ்ச்சி வளர்ந்த விதத்தை அறிவது நம் நிலையைப் புரிந்துகொள்ள உதவும். 1953-இல் சிபிஎஸ் நிறுவனம் ‘யூ ஆர் தேர்’ என்ற தொடரைத் தொடங்கியது. வால்டர் கிரான்கைட் செய்தி வாசிப்பவராக அமர்ந்திருக்க, நிருபர்கள் பழைய நிகழ்ச்சிகளின் களத்தில் நின்று நேரலை போலப் பேட்டி எடுப்பார்கள். 1977 ஜனவரியில் ஏபிசி தொடர்ந்து எட்டு இரவுகள் ஒளிபரப்பிய ‘ரூட்ஸ்’, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட ஓர் அடிமையின் வம்சக் கதை. தங்கள் நாட்டின் செல்வம் யார் முதுகில் ஏறி வந்தது என்பதை அமெரிக்கர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். 1990 செப்டம்பரில் கென் பர்ன்ஸின் ‘தி சிவில் வார்’ ஐந்து இரவுகள் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. சுமார் 4 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. அதில் போர்க்காட்சியை யாரும் நடித்துக் காட்டவில்லை. பழைய புகைப்படங்கள் மீது கேமரா மெல்ல நகரும்; சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பின்னணியில் வாசிப்பார்கள். செலவு மிகுந்த அரங்கம் இல்லாமலே வரலாற்றைச் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. 1995-இல் வரலாற்றுக்கென்றே தனி அலைவரிசை அங்கே பிறந்தது. 2011 முதல் சி-ஸ்பேன் நிறுவனம் வார இறுதிகளில் ‘அமெரிக்கன் ஹிஸ்டரி டிவி’ என்ற பெயரில் பேராசிரியர்களின் வகுப்புகளையும் அருங்காட்சியக உலாக்களையும் ஒளிபரப்புகிறது.

அந்த அமெரிக்க வரலாறு தமிழ் பேசிக்கொண்டு தென்காசிக்கு வந்தது கேபிள் வழியாக. 1990-களில் கேபிள்காரர்கள் தெருவுக்குத் தெரு வயர் இழுத்தார்கள். 2006-க்குப் பின் தமிழ்நாட்டு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகத் தந்ததும், குடிசையிலும் திரை ஒளிர்ந்தது. 2011-இல் டிஸ்கவரி தமிழுக்கென்றே ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஹிஸ்டரி டிவி18 தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்தது. லாஸ் வேகாஸ் நகரத்து அடகுக்கடையில் நடக்கும் ‘பான் ஸ்டார்ஸ்’ தமிழில் ஓடியது. ஒருவர் பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்து வைப்பார். கடைக்காரர் அது எந்தப் போரில் பயன்பட்டது, எந்தப் பட்டறையில் செய்தது என்று விளக்கிவிட்டு விலை பேசுவார். அடகுக்கடை வாசலை அறிந்த எவருக்கும் அந்த நாடகம் புரியும். பேரம் முடிவதற்குள் அமெரிக்க வரலாற்றில் ஒரு துண்டு பார்வையாளருக்குக் கிடைத்துவிடும்.

சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கும் குரல் கலைஞர்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. அவர்கள் பெயர் திரையில் வந்ததே அரிது. ஆங்கிலம் எட்டாத வீட்டுப் பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே நிகழ்ச்சியைச் சேர்ந்து பார்த்தது அவர்களால்தான். பெனகலின் தொடருக்கு வாய்க்காத நற்பேறு அடகுக்கடைக்கு வாய்த்தது.

தமிழிலேயே எழுதி எடுத்த வரலாற்றுத் தொடர்கள் எண்ணிக்கையில் குறைவு. மு. கருணாநிதியின் நாவலான ‘ரோமாபுரிப் பாண்டியன்’ கலைஞர் தொலைக்காட்சியில் தொடரானது. 2015-இல் அவரே எழுதிய ராமானுஜர் தொடரும் அதே அலைவரிசையில் வந்தது. 90 வயதைக் கடந்த ஒருவர் 11-ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தைத் தொலைக்காட்சிக்காக எழுதியது தனிச் சிறப்பு. 2022 ஆகஸ்டில் தூர்தர்ஷன் தொடங்கிய 75 பகுதித் தொடர் ‘ஸ்வராஜ்’, வாஸ்கோ ட காமாவின் வருகையிலிருந்து விடுதலை வரை நீளும். இம்முறை தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் குரல் கொடுக்கப்பட்டது. மற்றபடி மாலை நேரம் முழுக்கக் குடும்பத் தொடர்களுக்கே போயிற்று.

இனி மலையடிவாரத்துக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் சாரல் தொடங்கியதும் செய்தி அலைவரிசைகளில் குற்றாலம் வந்துவிடும். பேரருவியில் வெள்ளம், ஐந்தருவியில் கூட்டம், குளிக்கத் தடை, தடை நீக்கம். அருவிக்கு அருகிலேயே இருக்கிறது சித்திர சபை. நடராசருடைய ஐந்து சபைகளில் ஒன்று. இங்கே அவருக்குச் சிலை இல்லை, ஓவியமாகவே வழிபடுகிறார்கள். சுவரெங்கும் ஓவியங்கள். பர்ன்ஸின் கேமரா நகர்ந்ததுபோல அந்தச் சுவர்கள் மீது நகரக் காத்திருக்கும் கதைகள் அத்தனை. ஆனால் செய்தி வண்டி அருவியைப் படம்பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

நெற்கட்டும்செவல் தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1755-இல் கர்னல் ஹெரானின் படை அதன் கோட்டை முன் வந்து நின்றது. பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். அமெரிக்காவின் லெக்சிங்டனில் முதல் துப்பாக்கி வெடித்தது அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1775-இல். இரண்டு எதிர்ப்பும் ஒரே பிரிட்டனுக்கு எதிரானவை. யார்க்டவுனில் 1781-இல் அமெரிக்கரிடம் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபு ஐந்தே ஆண்டுகளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி வந்தார். லெக்சிங்டனுக்கும் யார்க்டவுனுக்கும் தொலைக்காட்சி தந்திருக்கும் மணிக்கணக்கில் ஒரு சிறு பங்குகூட நெற்கட்டும்செவலுக்குக் கிடைக்கவில்லை. ‘ரூட்ஸ்’ போன்ற ஒரு தொடருக்கு நம்மிடமும் கதை இருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களின் வரலாறு அது.

அண்மையில் ஒரு நல்ல மாற்றம் தெரிகிறது. கீழடிக்குப் பின் அகழாய்வுக் குழிகளை நோக்கிக் கேமராக்கள் வரத் தொடங்கின. தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரத்தில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2024-இல் இரும்புக் கால ஈமக்காட்டை அகழ்ந்தபோது, தாழிகளும் கல்லறையும் செய்திகளில் வந்தன. ஓரிரு நிமிடச் செய்தியாக வந்தவை அரைமணி நிகழ்ச்சியாக வளர வேண்டும்.

எப்படி வளர்க்கலாம் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 2007-இல் பர்ன்ஸ் இரண்டாம் உலகப் போரைப் பற்றி ‘தி வார்’ என்ற ஏழு பகுதித் தொடரை எடுத்தபோது, தளபதிகளைத் தேடிப் போகவில்லை. நான்கு அமெரிக்க ஊர்களைத் தேர்ந்தெடுத்தார். அவற்றில் லூவர்ன் என்பது சின்னஞ்சிறு விவசாய ஊர். அங்கே உயிரோடிருந்த முதியவர்களைப் பேச வைத்தார். அவர்களில் பலர் இன்று இல்லை, குரல் இருக்கிறது.

தென்காசிக்கும் அப்படியொரு கதை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பராக்கிரம பாண்டியன் 1446-இல் கட்டத் தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலில், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்த்துக் காப்பவர் எவராயினும் அவர் திருவடியில் விழுந்து வணங்குகிறேன் என்று மன்னனே வேண்டிக்கொள்ளும் கல்வெட்டு உண்டு. அவன் அஞ்சியபடியே ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. பிறகு ஊர் கூடிப் புதிதாக எழுப்பி, சுமார் 180 அடி உயரத்தில் 1990-இல் குடமுழுக்கு நடந்தது. மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களும், அந்தத் திருப்பணிக்குக் கைகொடுத்தவர்களும் இன்னும் ரத வீதிகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, பொதிகையின் பெயரால் கால் நூற்றாண்டு வாழ்ந்த தொலைக்காட்சி ஒரு கேமராவோடு அங்கே போக வேண்டும்.