1815க்குப் பின் வரலாறு இல்லையா?

இலங்கையில் ஒரு கட்டடம் எப்பொழுது பழமையுடையதாகிறது? இக்கேள்விக்குச் சட்டம் தயக்கமின்றி விடை கூறுகிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடத்தையே தொன்மைச் சின்னமெனக் கொள்கிறது. அதற்குப் பிற்பட்டதொன்றைக் காக்க வேண்டுமாயின், அதனை வர்த்தமானியிலே தனியே அறிவித்தல் வேண்டும்.

அந்நாளுக்கு யாது சிறப்பு? கண்டிப் பிரதானிகளும் ஆங்கிலத் தேசாதிபதி பிரவுன்றிக்கும் உடன்படிக்கை செய்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு உரியதாக்கிய நாள் அது. அரியணை போயிற்று, அத்துடன் நாட்டின் தொன்மையும் முடிவுற்றது! நிருவாக வசதிக்காக ஏதோவொரு திகதியைத் தேர்ந்தனர் என்று சொல்வாருமுளர். இருக்கலாம். ஆயினும் அக்கோட்டின் இருமருங்கிலும் எவையெவை விழுந்தன என்று பார்த்தல் வேண்டும். முன்பக்கத்தில் விகாரைகள், கோயில்கள், அரண்மனைகள், கோட்டைகள். பின்பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள், அவற்றுக்காகத் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்தோர் அடைபட்ட லயன் காம்பராக்கள், கண்டிக்குச் சென்ற இருப்புப்பாதை, கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், ஆலைகள். இந்நாட்டின் கூலி உழைப்பாளி வர்க்கம் பிறந்து வளர்ந்த காலம் முழுவதும் சட்டத்தின் பார்வையில் ‘நேற்று’ ஆகிவிட்டது.

இச்சட்டத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. புதையல் தோண்டுவோர் கையிலிருந்து எத்தனையோ இடிபாடுகளை அது காத்திருக்கிறது. சிகிரியாக் குன்றைச் செதுக்கியோரும் உழைப்பாளிகளே என்பதையும் நாம் மறந்தோமில்லை.

சென்ற ஆண்டு நம் பத்தாம் வகுப்பு மாணவர் சிலரைக் கொட்டாஞ்சேனைப் பக்கமாக அழைத்துச் சென்றோம். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் நிறைவாக்கிய வொல்வெண்டால் தேவாலயத்தின் தடித்த சுவர்களை அவர்கள் வியந்து பார்த்தனர். கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்த வைத்தியசாலையையும் கண்டனர். 2011இல் அது செப்பனிடப்பட்டு உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு நம் மாணவர் வெளியே வந்து குழாய்நீர் குடித்தனர் என்பது வேறு விடயம். திரும்பும் வழியில் ஒருவன் கேட்டான்: “சேர், எங்கட வெள்ளவத்தையில பழசு எண்டு காட்ட ஒண்டும் இல்லையா?”

இருந்தது. வெள்ளவத்தை நூல் நூற்பு நெசவாலை, மக்கள் வாக்கில் ‘மில்’, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. பின்னர் இத்தீவின் மிகப் பெரிய நெசவாலையாக வளர்ந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியைக் காட்டிக் கூலியைக் குறைத்தபோது, 1933இல் ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்து வந்தவர், ஏனையோர் சிங்களவர். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க அப்போது ‘இந்தியரை வெளியேற்றுக’ என்ற குரலின் பக்கம் சாய்ந்திருந்தார். வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றார். தொழிலாளருக்குத் தலைமை தாங்க வந்தோர் வாலிபர் கழகத்தைச் சார்ந்த கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர். இரண்டாண்டுகளின் பின், 1935 டிசெம்பரில், அவர்களே லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர்.

ஆகவே அவ்வாலை வாயில் வெறும் வாயிலன்று. இனத்தின் பெயரால் தொழிலாளரைப் பிரிக்கும் அரசியலும், பிரிக்கவொண்ணாது என்ற அரசியலும் நேருக்குநேர் நின்ற இடங்களுள் ஒன்று அது. பின்னாளில் முன்னையதே நாட்டில் ஓங்கிற்று என்பதை, 1983 யூலையில் எரிந்த வெள்ளவத்தை வீடுகளுக்கு உரியோரிடம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்று அந்த ஆலை இல்லை. அந்நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடித் தொகுதி வானளாவி நிற்கிறது. மாணவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் காவலாளியையே காட்ட முடியும்.

ஆலையென்பது அழகற்ற கொட்டகைதானே, அதில் காக்க என்ன உண்டு என்பர் சிலர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லாஸ் அனிமாஸ் என்னும் நாட்டுப்புற மாவட்டத்தில், லட்லோ என்றோரிடம் உள்ளது. அங்கே கட்டடமே கிடையாது; வெறும் புல்வெளி. 1913இல் வேலைநிறுத்தஞ் செய்த நிலக்கரித் தொழிலாளர், கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தப்பட்டு, அவ்வெளியிற் கூடாரமடித்துக் குளிர்காலத்தைக் கழித்தனர். கிரேக்கர், இத்தாலியர், மெக்சிக்கர் எனப் பல மொழியினர் ஒரே வரிசையில் வாழ்ந்தனர். 1914 ஏப்ரில் 20ஆம் நாள் மாநிலப் படையினர் சுட்டனர், கூடாரங்கள் தீப்பற்றின. ஒரு கூடாரத்தின் அடியில் வெட்டிய குழிக்குள் ஒளிந்திருந்த இரு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சடைத்து மாண்டனர்.

அந்நிலத்தை அன்று அரசு காக்கவில்லை. சுரங்கத் தொழிலாளர் சங்கமே அதனை விலைக்கு வாங்கி, 1918இல் நினைவுச்சின்னம் எழுப்பிற்று. 2003இல் யாரோ அச்சிலைகளின் தலைகளை அறுத்தெறிந்தபோது மீண்டும் செப்பனிட்டது. கூட்டாட்சி அரசு அவ்விடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமென அறிவித்தது 2009இல். அதாவது, தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து. முதலாளித்துவத்தின் தலைநாட்டிலேயே நிலை இதுவெனின், நமது வர்த்தமானியை மட்டும் குறை கூறிப் பயனென்ன?

மலையகத்தை நோக்குக. லூல்கந்துரவில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலர் அமர்ந்திருந்த கல்லிருக்கை இன்றும் பயணிகளுக்குக் காட்டப்படுகிறது. அத்தேயிலையைக் கொய்தோர் எங்கே அமர்ந்தனர்? அவர்களுக்கு அமர நேரமிருந்ததில்லை! லயன்களை அப்படியே காக்க வேண்டுமென நாம் கூறோம். அவற்றில் இன்னும் மனிதர் வாழ்கின்றனர். அவர்கள் நல்ல வீடு பெற்று வெளியேறுவதே முதற்கடன். ஆனால் எல்லாவற்றையும் இடித்துவிட்டால், பத்தடி அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்ததென்று நாளை சொல்லும்போது நம்புவார் யார்? கம்பளைக்கு அருகே பரதெக்கவில் பழைய லயன் ஒன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கின்றனர். அரிக்கேன் விளக்கைவிட அந்த அறைகளின் அளவே அங்கே காணத்தக்கது.

வெள்ளவத்தை மாணவருக்குக் காட்ட நம்மிடம் அறை கூட இல்லை. ஆதலால் ஒரு வேலை கொடுத்தோம்: வீட்டிலும் ஒழுங்கையிலும் உள்ள முதியோரிடம் சென்று, ஆலையின் வாயில் எப்பக்கம் இருந்தது, எத்தனை மணிக்கு ஆட்கள் மாறினர், எங்கே தேநீர் குடித்தனர், எம்மொழியிற் பேசினர் என்று கேட்டு எழுதிவரச் செய்தோம். அறுபது பக்கக் கொப்பி ஒன்று நிரம்பிவிட்டது. வாயில் இருந்த இடம் பற்றி இரு பாட்டிமாருக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஒருத்தி சிங்களத்திலும் மற்றவர் தமிழிலும் வாதிடுகின்றனர். இரண்டையும் எழுதிவைக்கும்படி சொல்லியிருக்கிறோம்.