அலியை வீழ்த்திய கணினி

1969ஆம் ஆண்டு. மையாமியில் கதவு சாத்திய ஒரு படப்பிடிப்புக் கூடம். குத்துச்சண்டை வளையத்துக்குள் 45 வயது றொக்கி மார்சியானோ. எதிரே 27 வயது முகம்மது அலி. களத்தை விட்டு 13 ஆண்டுகள் ஆகிவிட்ட மார்சியானோ, இதற்காகவே இருபது கிலோவுக்கு மேல் மெலிந்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடியும் வைத்திருந்தார். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்ற அலியிடமிருந்து பட்டத்தை 1967இலேயே பறித்திருந்தார்கள். ஒரு நிமிடச் சுற்றுகளாக இருவரும் மோதினார்கள். யார் வெல்வது என்பதைக் கணினிதான் சொல்லும்; அது இருவருக்குமே தெரியாது. பலவிதமான முடிவுகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டார்கள்.

மறி வொறோனர் என்ற வானொலித் தயாரிப்பாளரின் வேலை இது. 1967இல் பல காலத்து வீரர்கள் 16 பேரைக் கணினியில் மோதவிட்டு, அதை வானொலியில் நேர்முக வர்ணனைபோல ஒலிபரப்பியவர் அவர். அதில் ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக வந்தது. அலி 10 லட்சம் டொலர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்கின் சமரசத்தில் பிறந்ததுதான் இந்தப் படம்.

1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் 13ஆம் சுற்றில் அலி விழுந்தார். வென்ற மார்சியானோ அப்போது உயிரோடில்லை. 1969 ஓகஸ்ட் 31இல் விமான விபத்தில் இறந்துபோயிருந்தார். பிரித்தானியாவில் காட்டிய படத்திலோ வென்றது அலி!

அலி விழுவார் என்ற கணினியின் தீர்ப்பை நான் நம்பவில்லை. ஆனால் கணினிக்குள் போட்ட தரவுகள்மீது எனக்குப் பொறாமை உண்டு. மார்சியானோவின் 49 சண்டைகள், 49 வெற்றிகள், அவற்றில் 43 நொக்அவுட். எதிராளி யார், எத்தனையாம் சுற்று, எல்லாம் எழுத்தில் இருந்தன. இலங்கையிலும் பார்னி ஹென்றிகஸ் 1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் இறகு எடைப் பிரிவில் தங்கம் வென்றது பதிவில் இருக்கிறது. அவரை இன்றைய வீரரோடு ஒப்பிட்டு யாரும் வாதாடலாம்.

வன்னிக்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டம் கரிப்பட்டமுறிப்பைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022 ஜனவரியில் லாகூரில் சவாட் உதைகுத்துச்சண்டையில் தங்கம் வென்றார். எங்கள் பிள்ளை என்று ஊரே கொண்டாடியது. அவரை இந்த மண்ணின் முந்தைய தலைமுறை வீரர் ஒருவரோடு ஒப்பிட்டுப் பேச எங்களிடம் என்ன இருக்கிறது? இறுதிப் போரில் கிளிநொச்சியிலிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் வரை 2009இல் சனம் ஓடியபோது தறப்பாளும் அரிசியும்தான் முதலில் கையில் ஏறின. சான்றிதழ், கோப்பை, இல்ல விளையாட்டுப் போட்டிப் படம் எல்லாம் தகரப்பெட்டியோடு வழியில் நின்றன. பள்ளிக்கூட அலுமாரிகளும் தப்பவில்லை. சனம் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது பல வீடுகளில் சுவரே இல்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். மல்யுத்தமோ சிலம்பமோ குத்துச்சண்டையோ, உங்கள் ஊரில் ஆடியவர்களைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர், ஆண்டு, இடம், எதிராளி ஆகிய நான்கையும் அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினரின் அல்பத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். போருக்கு முன்பே அனுப்பிய படங்கள் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.