எங்க ஊரு படம், வேற ஊரு மண்ணு

'16 வயதினிலே' தேனிப் பக்கம் எடுத்த படம்னு இன்னைக்கும் எங்க ஊர்ல அடிச்சுச் சொல்ற பெருசுங்க உண்டு. "அந்த ஓடை நம்ம ஊருக்கு மேற்கால இருக்கிறதுதான மாப்ள"ன்னு அடையாளமே காட்டுவாங்க. இல்லீங்க. 1977 செப்டம்பரில் வந்த அந்தப் படம் பெரும்பாலும் கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம் எடுக்கப்பட்டது. சப்பாணி நடந்ததும் மயிலு ஓடினதும் அந்த ஊர் மண்ணுலதான்.

சொன்னா நம்ப மாட்டாங்க. நம்பாததிலயும் ஒரு நியாயம் இருக்கு. இயக்குன பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர். இசை போட்ட இளையராஜாவுக்கு ஊர் பண்ணைப்புரம். சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடி பாரதிராஜா மலேரியா ஒழிப்பு வேலை பார்த்தவர். அந்த வேலையா பண்ணைப்புரம் போன இடத்துலதான் ராஜா சகோதரர்களோட சிநேகம். ஆக, படத்துல பேச்சு எங்களுது, பாட்டு எங்களுது, கோபமும் நக்கலும்கூட எங்களுது. நிலம் மட்டும் வேற. கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகாலிடம் உதவியாளரா இருந்தவர் என்பதால் அந்தப் பக்கத்துக் கிராமங்கள் அவருக்குப் பழக்கமா இருந்திருக்கலாம். எட்டு வருசம் கழிச்சு 'முதல் மரியாதை' எடுத்தப்பவும் சிவசமுத்திரம், தலக்காடுன்னு காவிரிக் கரைக்குத்தான் போனார். அந்த ஆத்தைப் பார்த்து நம்ம முல்லையாறுன்னு உருகினவங்க எங்க பக்கம் எத்தனை பேரோ! :-)

எனக்கு இது ரொம்ப நாள் உறுத்தல். தமிழ் சினிமாவுக்கு ஆளு குடுத்தோம், பாட்டு குடுத்தோம், ஓட்டும் குடுத்தோம். ஆனா கம்பம் பள்ளத்தாக்கு கம்பம் பள்ளத்தாக்காவே திரையில வர ரொம்பக் காலம் ஆச்சு. அது வந்த நேரம் பார்த்து கொட்டகைங்க ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு இருந்தது.

ஆளுங்க பட்டியல் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வைரமுத்து வடுகபட்டி. வைகை அணை கட்டினப்போ ஊர் முங்கிப்போய், இடம் பெயர்ந்து அங்க வந்த குடும்பம். கஸ்தூரிராஜா மல்லிங்காபுரம். சின்ன வட்டம். பஸ்ஸில் ஒரே நாளில் சுத்தி வந்துடலாம்.

இதுல அதிகம் பேசப்படாத ஆள் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். 1958இல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். ஈ.எம்.எஸ். தலைமையிலான முதல் கம்யூனிஸ்ட் அரசு மெலிசான பெரும்பான்மையில் ஓடிக்கிட்டிருந்த நேரம், அதனால ஒரு தொகுதியும் முக்கியம். ஓட்டுப் போட வேண்டியவங்கள்ல பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள். பாவலர் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கிட்டு மலையேறி, எஸ்டேட் எஸ்டேட்டா பாடினார். வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயிச்சார். அந்தப் பாட்டுக்கும் வெற்றியில பங்கு உண்டுன்னு கட்சிக்காரங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க. தம்பி ராசய்யா அந்தக் குழுவில் பாடி வளர்ந்தவர்தான். சினிமா இசைக்கூடத்துக்குப் போறதுக்கு முன்னாடியே, மைக் சரியில்லாத மைதானத்துல, நாள் பூரா வேலை பார்த்த சனத்தை உக்கார வெச்சுக் கேக்க வைக்கிறது எப்படின்னு அவருக்குத் தெரியும். 1976இல் 'அன்னக்கிளி' வந்தப்போ இது ஏதோ புதுசுன்னு பட்டணம் அசந்துபோச்சு. எங்களுக்கு அதுல பாதி நடவுப் பாட்டும் ஒப்பாரியும்தான்.

சரி, கொட்டகைக்கு வருவோம்.

மதுரையில் 1952இல் 'பராசக்தி'யோட திறந்த தங்கம் தியேட்டர்ல 2,500 பேருக்கு மேல உக்காரலாம். ஆசியாவிலேயே பெருசுன்னு பேரு. நமக்கு அது சித்திரைத் திருவிழாவுக்குப் போனா எட்டிப் பார்க்கிற இடம். கம்பத்துக்கும் போடிக்கும் உள்ளே இருக்கிற கிராமத்துக்காரனுக்கு சினிமான்னா டெண்ட் கொட்டகைதான். டூரிங் டாக்கீஸ்ங்கிற பேருக்கேத்த மாதிரி லைசென்ஸும் கொஞ்ச காலத்துக்குத்தான். முடிஞ்சா இடம் மாத்தணும், இல்லன்னா திரும்ப வாங்கணும். கீத்துக் கூரை, ஆத்து மணல் தரை. பகல்ல வெளிச்சம் உள்ள வரும்கிறதால முதல் ஆட்டம் பொழுது சாய்ஞ்சப்புறம்தான். சீர்காழி குரல்ல பிள்ளையார் பாட்டு ஸ்பீக்கர்ல வந்தா அரை மைல் தூரத்துல இருக்கிறவன்கூட சோத்தை அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடியாருவான். புரொஜெக்டர் ஒண்ணே ஒண்ணு. ரீல் மாத்தும்போதெல்லாம் இடைவேளை, ஒவ்வொரு இடைவேளைக்கும் ஒரு முறுக்கு. முன்னால உக்கார்ந்தவன் தலை மறைச்சா, மணலைக் குமிச்சு அதுமேல உக்கார்ந்துக்க வேண்டியதுதான்.

இந்த மணல் தரை சாதாரண விசயம் இல்லை. பேராசிரியர் கா.சிவத்தம்பி 1981இல் எழுதின ஒரு நூல்ல சொல்றார்: தமிழர்கள் எல்லாரும் சாதி பார்க்காம ஒரே கூரைக்குக் கீழ உக்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான்னு. டீக்கடையில ரெண்டு கிளாஸ் இருந்த காலம் அது. கோயில்ல எதுவரைக்கும் வரலாம்னு கோடு இருந்தது. கொட்டகையில கோடு போட்டது காசு மட்டும்தான். தரை, பெஞ்சு, சேர். காசு இருக்கிறவன் யாருங்கிற கேள்வி அதுக்கு அப்புறமும் மிச்சம் இருக்குதான். ஆனாலும் டிக்கெட்டைக் கிழிக்கிறவன் 'நீ எந்தத் தெரு?'ன்னு கேக்கலை. அந்த ஒரு விசயத்துக்காகவே டெண்ட் கொட்டகைக்கு நான் ஆயிரம் குறையை மன்னிப்பேன்.

ஓட்டு விசயத்துல இந்தப் பள்ளத்தாக்கை மிஞ்ச ஆளில்லை. 1962 தேர்தல்ல தேனித் தொகுதியில தி.மு.க. சார்பா நின்னு ஜெயிச்சவர் இலட்சிய நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். எம்.ஜி.ஆர். சட்டமன்ற உறுப்பினர் ஆனது 1967லதான், அதுக்கு அஞ்சு வருசம் முன்னாடியே எங்க ஊரு ஒரு நடிகரை அனுப்பியாச்சு. 1980இல் அதே எஸ்.எஸ்.ஆரை அ.தி.மு.க. சார்பா ஆண்டிபட்டி ஜெயிக்க வெச்சுது. 1984 டிசம்பர்ல எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியில் நின்னார். 'நின்னார்'ங்கிறது பேச்சுக்குத்தான். ஆள் இருந்தது நியூயார்க் ஆஸ்பத்திரியில. ஒரு நாள்கூட பிரசாரத்துக்கு வரலை. ஆஸ்பத்திரியில அவர் இருக்கிற காட்சிகளை வீடியோவாக்கி ஊர் ஊரா போட்டுக் காட்டினாங்க, ஜெயிச்சுட்டார். யோசிச்சுப் பாருங்க, அந்தத் தேர்தலே ஒரு டூரிங் டாக்கீஸ்தான்! பிறகு ஜெயலலிதா 1989இல் போடியில் ஜெயிச்சார், 2002, 2006இல் ஆண்டிபட்டியில். இதையெல்லாம் சினிமாப் பைத்தியம்னு பட்டணத்துப் பத்திரிகைங்க எழுதும். அப்படி லேசா சொல்லிட்டுப் போயிட முடியாது. தரை டிக்கெட்டுல பக்கத்துப் பக்கத்துல உக்கார்ந்து பார்த்த முகம் அது. வேற எந்தத் தலைவரும் அவ்வளவு கிட்டத்துல வந்ததில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? 90கள்ல கேபிள், 2000க்கு அப்புறம் திருட்டு வி.சி.டி., 2006 தேர்தலுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி. மதுரையில ஓடி முடிச்ச பிறகுதான் பெட்டி நம்ம பக்கம் வரும்கிற பழைய கணக்கை டிஜிட்டல் ஒழிச்சது. ரிலீஸ் அன்னைக்கே கம்பத்துலயும் படம். இது நல்லதுதான். ஆனா பழைய பிரிண்டைக் கம்மி வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பொழைச்ச சின்னக் கொட்டகைக்கு அதோட வேலை இல்லாமப் போச்சு. கல்யாண மண்டபம், குடோன், சும்மா காலி இடம்னு ஆயிப்போச்சு. 2020 கொரோனாவுல மூடினது திறந்தப்போ, பழைய சனம் பாதி வரலை.

வேடிக்கை என்னன்னா, இதே காலத்துலதான் கேமரா நிஜமாவே எங்க ஊருக்கு வந்துச்சு. 2010 தீபாவளிக்கு 'மைனா', போடிக்கு மேல குரங்கணியில எடுத்தது. நல்லா ஓடிச்சு. எனக்கு அவ்வளவா ஒட்டலை. மலை அதுல அழகான திரைச்சீலை, அவ்வளவுதான். அதுல யாரு என்ன வேலை செஞ்சு சாப்பிடுறாங்கன்னு படத்துக்குக் கவலை இல்லை. அடுத்த வருசம் வந்த 'அழகர்சாமியின் குதிரை' வேற ரகம். கதை எங்க மாவட்டத்து பாஸ்கர் சக்தி, கேமரா தேனி ஈஸ்வர். சாமியோட மரக்குதிரை காணாமப் போய், நிஜக் குதிரை ஒண்ணு வந்து நிக்குது. அதை வெச்சு ஒரு ஊர் எப்படி நம்பும், எப்படி ஏமாத்திக்கும்கிறதைச் சிரிச்சுக்கிட்டே சொன்ன படம். அப்புக்குட்டிக்குத் தேசிய விருதும் கிடைச்சது.

2018 ஆகஸ்டுல வந்துச்சு லெனின் பாரதியோட 'மேற்குத் தொடர்ச்சி மலை'. என்னைக் கேட்டா, எங்க பள்ளத்தாக்கைப் பத்தின முதல் முழுப் படம் இதுதான். மலைக்கும் அடிவாரத்துக்கும் சுமை தூக்குற ரங்கசாமிக்குக் கொஞ்சம் நிலம் வாங்கணும்னு ஆசை. படம் பாதி தூரம் அவன்கூடச் சும்மா நடக்குது. வழியில டீ, சங்கம், கிழவிங்க பேச்சு. ஏலக்காய் மூட்டை பள்ளத்துல உருண்டு சிதறுதே, அந்த இடத்துல பின்னணி இசை இல்லாம இருந்தாலும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சிருக்கும். கடைசியில, தன்னோடதா இருந்த நிலத்துலயே, காத்தாடிக்குக் கீழ காவலாளியா உக்கார்ந்திருக்கான். ஆண்டிபட்டிப் பக்கம் போற எல்லாரும் அந்தக் காத்தாடிகளைப் பஸ் ஜன்னல் வழியா 'அழகா இருக்குல்ல'ன்னு பார்த்தவங்கதான். நானும்தான்.

பாஸ்கர் சக்தி 2024இல் 'ரயில்' எடுத்தார். ஊருக்கு வேலைக்கு வந்த வடநாட்டுக்காரன் மேல உள்ளூர்க்காரனுக்கு வர்ற கசப்பு. 'வடக்கன்'னு வெச்ச பேரை மாத்த வேண்டியதாச்சு. சில இடங்கள்ல நாடகம் மாதிரி இழுக்குது, உண்மைதான். ஆனா தினமும் மலையேறிக் கேரளத்துக்குக் கூலிக்குப் போய், 'பாண்டி'ன்னு பேச்சு வாங்கிட்டு வர்ற ஊர்க்காரங்க நாம. அந்தக் கதையைச் சொல்ல நம்மளவிடப் பொருத்தமான ஆளு யாரு? 2025 அக்டோபர்ல வந்த தனுஷோட 'இட்லி கடை'யும் எங்க பக்கத்துக் கதைதான். ராஜ்கிரண் அப்பா வேசத்துல வர்றார். 1991இல் கஸ்தூரிராஜா எடுத்த 'என் ராசாவின் மனசிலே'யில நடிச்ச அதே ராஜ்கிரண், இப்ப மகன் படத்துல. மனுசன் உக்கார்ந்து இட்லி ஊத்துறதைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். ஆனா ஊர்ல எல்லாரும் இவ்வளவு நல்லவங்களா இருந்தா ஊரை விட்டு எவன் போவான்? பட்டணத்துல உக்கார்ந்து ஊரை நினைச்சு ஏங்குறவனுக்காக எடுத்த கிராமம் அது.

'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தப்போ ஏலத் தோட்டத்துக்குப் போற ஒரு அக்காகிட்ட, "படம் பார்த்தீங்களாக்கா, உங்களைப் பத்தித்தான்"னு கேட்டேன்.

"எங்கிட்டுத் தம்பி... விடியக்காலைல ஜீப்பு. போயிட்டு வந்து சோறு பொங்கணும். தேனிக்குப் போயி படம் பார்த்தா மறுநா வேலைக்கு எவ போறது?"

அப்புறம் ஒரு நாள் அவங்க மகன் போன்ல போட்டுக் காட்டியிருக்கான். மூட்டை விழுற இடம் வரைக்கும் பார்த்தாங்களாம், அதுக்கு மேல வேணாம்னு அமத்தச் சொல்லிட்டாங்களாம்.