வயலின், வீணை வாசிப்போருக்கு வரும் கை, தோள் வலி

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை நெருங்கும்போது வயலின், வீணை பயிலும் பிள்ளைகளிடம் ஒரு முறைப்பாடு அடிக்கடி கேட்கும்: "தோள்மூட்டு வலிக்குது." "வலிக்க வலிக்கத்தான் கை பழகும்" என்று வீட்டிலும் வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. விரல் நுனி தந்தியில் உரசிக் காய்த்துப்போவது பழக்கம். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் நாள்தோறும் வலிப்பது பழக்கமல்ல. தாங்கக்கூடாத சுமையை ஏதோவொரு தசையோ நரம்போ தாங்குகிறது என்பதே அதன் பொருள்.

பெரும்பாலும் கோளாறு இருக்கும் முறையில்தான் தொடங்குகிறது. ஐரோப்பியர் வயலினை நாடிக்கும் தோளுக்கும் இடையே பிடித்து வாசிப்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோரால் கர்நாடக இசைக்குள் வந்த அதே வயலினை நாம் நிலத்தில் சம்மணமிட்டு, அதன் தலையை வலது கணுக்காலருகே ஊன்றி, மறுமுனையை நெஞ்சோடு அணைத்து வாசிக்கிறோம். இதனால் இடக்கைக்குப் பாரமில்லை. கமகத்துக்காகத் தடையின்றி வழுக்கி ஓடலாம். ஆனால் கால் சரியான இடத்தில் இல்லாவிட்டால் முதுகு கூனும், கழுத்து சரியும், வில் பிடிக்கும் வலது தோள் காதை நோக்கி உயரும். வாசிப்பவருக்கு இது தெரியாது. பக்கத்திலிருந்து கைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீணையில் வேறு தொல்லை. முழு அளவு வீணையோடு இருக்கும் சிறு பிள்ளை, யாளி முகத்தை அண்டிய மெட்டுகளை எட்ட இடத்தோளை இழுத்து நீட்ட வேண்டியிருக்கும். தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதும் இடக்கை விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் கடும் வேலை.

வலி எங்கே என்பதைக் கவனியுங்கள். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போதும் இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்கும்போதும் வலித்தால் தோள்மூட்டுத் தசைநார் பாதிக்கப்பட்டிருக்கலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைத்தால் முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு நெருக்கப்பட்டிருக்கக்கூடும். இடிபட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த நரம்புதான். முழங்கையை நெடுநேரம் மடித்தே வைத்திருப்பது அதற்கு ஆகாது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து இரவில் எழுப்பினால் மணிக்கட்டைப் பாருங்கள். கழுத்தைத் திருப்பும்போது கைவரை வலி ஓடினால் மூலம் கழுத்தில் இருக்கலாம். சீனி வருத்தம் உள்ள நடுத்தர வயதினருக்குத் தோள் இறுகிப்போவது அதிகம்.

போரில் காயப்பட்டவர்களுக்கு இவற்றுக்கு மேலும் சில உண்டு. தோளிலோ கையிலோ பழைய காயத்தின் தழும்பு தசையை இறுக்கிப் பிடித்திருக்கும். நரம்பு அறுந்து தைத்த கை விரைவில் களைக்கும். அவர்கள் மற்றவரின் சாதக நேரத்தோடு போட்டி போட வேண்டியதில்லை. உடலில் செல் சன்னம் இன்னும் இருந்தால், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும். வலது காலை இழந்தவர் வயலின் வாசிக்க முடியாதென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயலினின் தலை அசையாமல் தங்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். சரியான உயரத்தில் இறுக்கமான தலையணை ஒன்றோ, துணி சுற்றிய மரக்கட்டையோ போதும். நிலத்தில் இருக்க முடியாதவர் கதிரையில் இருந்து வாசிக்கலாம். சம்பிரதாயம் அதனால் கெட்டுவிடாது.

வலி தொடங்கினால் சாதகத்தைப் பாதியாகக் குறையுங்கள். 20 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் கருவியைக் கீழே வைத்துத் தோளை உருட்டி இளக விடுங்கள். நாளுக்கு அரைமணி வாசித்த பிள்ளையைப் பரீட்சைக்கு முதல் கிழமை 3 மணி நேரம் இருத்துவதுதான் பல வலிகளுக்கு வழிவகுக்கிறது. மிச்ச நேரத்தில் அதே வர்ணத்தைத் தாளம் போட்டு வாயால் பாடலாம். கைக்கு ஓய்வு, மனதுக்குப் பயிற்சி. இறுக்கத்துக்குச் சுடுநீர் ஒத்தடம் இதம் தரும். மூட்டை இழுத்து நெட்டி முறிக்க வேண்டாம். பனடோல் போட்டுக்கொண்டு வாசிப்பது வலியை மறைக்குமே தவிர, அதன் காரணம் அப்படியே இருக்கும்.

இடக்கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் அது வீணையால் வந்ததென்று எண்ணி இருந்துவிடாதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கை பலமிழந்தாலோ, விறைப்பு விடாமல் நின்றாலோ, இரண்டு மூன்று கிழமை ஓய்வெடுத்தும் வலி குறையாவிட்டாலோ வைத்தியரிடம் போக வேண்டும். போதனா வைத்தியசாலைகளில் இயன் மருத்துவப் பிரிவு இலவசமாக இயங்குகிறது. போகும்போது வயலினையும் கொண்டுபோய், எப்படி இருந்து வாசிக்கிறீர்கள் என்று காட்டுங்கள். வீணையைத் தூக்கிக்கொண்டு போக முடியாதவர்கள் கைபேசிப் படத்தைக் காட்டலாம்.