ஷாம்பு பாக்கெட்டின் மூலை

ஈரக் கையில் ஷாம்பு பாக்கெட் வழுக்கும். பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டும். கடித்துத் துப்பிய மூலை, விரல் நகத்தளவு முக்கோணம், குளியலறைத் தரையில் ஒட்டிக் கிடக்கும். காலிப் பாக்கெட்டைப் பற்றியாவது கவலைப்பட நாலு பேர் இருக்கிறார்கள். இந்த மூலையை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று நெல் வயல்.

வசதியுள்ளவர்கள் பாட்டிலில் வாங்கியதைக் கூலிக்காரரும் சில்லறைக்கு வாங்கட்டும் என்று நினைத்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். சாஷே என்கிற சிறு பாக்கெட் வியாபாரத்தின் முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு, கிராமத்துப் பெட்டிக்கடை வரை சரம் சரமாகத் தொங்கியது. நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் உறையில் இருக்கிறது. பொதுவாக இந்த உறைகள் பாலியஸ்டர், அலுமினியம், பாலிஎதிலீன் என்று அடுக்கடுக்காக ஒட்டிய படலம். அடுக்குகளைப் பிரித்தெடுக்கும் செலவு கட்டுப்படியாகாது. காயலான் கடையில் விலை போகாததைக் குப்பை பொறுக்குகிறவரும் குனிந்து எடுப்பதில்லை.

ஆகவே மூலை, வெண்டைக்காய்க் காம்போடும் வடிகட்டிய டீத்தூளோடும் ஒரே கவரில் முடிச்சுப் போடப்பட்டு வாசலுக்கு வருகிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு கூடை கொடுத்திருக்கிறார்கள். பல வீடுகளில் ஒரு கூடையில் அரிசி இருக்கிறது. தூய்மைப் பணியாளர் தெருவிலேயே முடிச்சை அவிழ்த்துக் கையால் பிரிக்கிறார். பாட்டில் அகப்படும், கவர் அகப்படும். மூலை எங்கே அகப்படும்?

உரக்கிடங்கில் குவியலின் நடுவே 55, 60 டிகிரி சூடு. அவ்வப்போது ஜேசிபி வந்து புரட்டிப் போடும். தோலும் காம்பும் கருத்துக் குழைந்து, பெரும்பகுதி ஆவியாகவும் கரியமில வாயுவாகவும் காற்றோடு போய்விடும். குவியல் பாதிக்கு இறங்கும். மூலையை அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. ஆக, மக்குவது மக்க மக்க, மக்காததன் பங்கு எருவில் ஏறுகிறது. பேட்டரியிலிருந்தும் பெயின்டிலிருந்தும் கசிந்த ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது சல்லடை. நகரக் குப்பை எருவில் குறைந்தது 90 சதவீதம் 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, பாதரசம் 0.15 என்று உலோகங்களுக்கு வரம்பும் உண்டு. பிளாஸ்டிக்குக்கு என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. சல்லடை கேட்பது அளவை மட்டுமே. வருவது என்ன பொருள் என்று அதற்குத் தெரியாது. வெயிலில் காய்ந்து, ஜேசிபி வாளியில் கிழிந்து, மூன்று மில்லிமீட்டராகிவிட்ட மூலை தாராளமாக இறங்கிவிடும். நொறுங்க நொறுங்க அதற்குத் தகுதி கூடுகிறது! ஐரோப்பிய ஒன்றியத்தின் உர விதியில், 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் ஒரு கிலோ உலர் எருவில் 3 கிராமைத் தாண்டக் கூடாது. 2026 ஜூலை 16 முதல் வரம்பு 2.5 கிராம்.

அதன் பிறகு மூட்டை, லாரி, வயல். 2016-இல் மத்திய அரசு நகர எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்தது. நம் மண்ணில் கரிமச் சத்து குறைந்து கிடக்கும் காலத்தில் அது தவறான எண்ணமல்ல. குப்பை எரு அடித்த வயலில் முதல் மழைக்கு மேல்மண் கரைந்ததும் வரப்போரம் வெள்ளித் துணுக்குகள் மினுங்கும். கூடவே வளையல் சில்லும் பாட்டில் சில்லும். சேற்றில் வெறுங்காலோடு நடவு நடும் பெண்களுக்கு அது பிளாஸ்டிக்கைவிட உடனடித் தொல்லை. உழவில் துணுக்குகள் புதையும். மண்புழுக்கள் நுண்துகள்களைத் தங்கள் வளைக்குள் கொண்டுபோவதை நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

உலோகம் வரம்பு மீறிய எருவை உணவுப் பயிருக்குப் போடக் கூடாது, மற்றவற்றுக்குப் போடலாம் என்றன 2016-இன் திடக்கழிவு விதிகள். லாரி வயலுக்கு வந்த பிறகு எந்த மூட்டை எதற்கு என்று பார்ப்பவர் யார்? போபாலிலுள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனத்தார் 29 நகரங்களின் எருவைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கலந்த குப்பையில் செய்த எருவில் கன உலோகம் கூடுதலாகவும், வீட்டிலேயே பிரித்து வாங்கிய குப்பையின் எருவில் குறைவாகவும் இருந்தது. கிடங்கில் எத்தனை சல்லடை வைத்தாலும் அடுக்களையில் கலந்ததைப் பிரிக்க முடியாது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எரு இறக்க வரும் லாரிக்காரரிடம் விவசாயி முதலில் கேட்க வேண்டியது, பிரித்த குப்பையா, கலந்த குப்பையா என்பதுதான். உலோகத்தை ஆய்வகம்தான் சொல்லும். துணுக்குக்குக் கண் போதும்: இரண்டு கை எருவை வெள்ளை வேட்டியில் பரப்பி வெயிலில் பார்க்கலாம். பளிச்சென்று ஏதாவது தெரிந்தால் லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம். உழுத பிறகு பொறுக்க ஆள் கிடைக்காது.