பந்தி முடிந்த பிறகு போட்ட இலை: சிதம்பரத்தில் படிப்பும் வேலையும்

பிளஸ் டூ முடிவு வந்த அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் தெருவில் அந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணா, என்ன எடுத்தா வேலை கிடைக்கும்?" ஊர்த்தெருவிலும் இதே கேள்விதான் கேட்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே கேள்வி அல்ல. ஊர்த்தெருப் பையனுக்குப் படிப்பு கைவிட்டால் நிலம் இருக்கிறது, மாமனுடைய கடை இருக்கிறது, சித்தப்பாவின் லாரி இருக்கிறது. சேரிப் பையனுக்குச் சான்றிதழைத் தவிர வேறு முதல் கிடையாது. அவன் எந்தப் பாடத்தை எடுக்கிறான் என்பது அவன் வீட்டில் அடுத்த முப்பது வருஷத்துக்கு உலை எப்படிக் கொதிக்கும் என்பதைப் பற்றியது.

சந்தைக்கு எது தேவையோ அதைப் படி என்று இதற்குப் படித்தவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சிதம்பரம் என்ற இந்தச் சின்ன நகரத்தின் நூறாண்டுக் கதையை எடுத்துப் பார்த்தால் அந்தப் பதில் பாதிதான் உண்மை என்று தெரியும். ஒரு படிப்பு வேலை தந்துகொண்டிருந்த காலத்தில் அதன் கதவு நமக்கு மூடியிருந்தது. கதவு திறந்து நாம் உள்ளே போனபோது அந்தப் படிப்பு வேலை தருவதை நிறுத்தியிருந்தது. பந்தி முடிந்த பிறகு நமக்கு இலை போடுகிறார்கள், பிறகு "சாப்பிடத் தெரியலையே" என்கிறார்கள்.

1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த பறையர் குலத்துத் துறவி அவர். நெருப்பில் இறங்கி எழுந்தால்தான் நந்தன் கோயிலுக்குள் வரலாம் என்று புராணம் எழுதிவைத்த ஊரில், அதே நந்தன் பெயரில் ஓமக்குளத்தில் பள்ளியும் விடுதியும் எழுந்தன. நான்கு வருஷம் கழித்து, 1920இல், அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை இங்கே மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். ஒரே நகரத்தில் ஒரு பக்கம் சங்க இலக்கியம் பாடமாகிறது, மறுபக்கம் நம் பிள்ளைகள் முதல்முறையாக 'அ' எழுதுகிறார்கள். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டுதான் பிறகு நடந்ததையெல்லாம் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு வேலை தந்த படிப்பு தமிழ் அல்ல, ஆங்கிலமும் சட்டமும் கணக்கும்தான். தமிழ்ப் பண்டிதருக்கு மற்ற ஆசிரியர்களைவிடச் சம்பளமும் மதிப்பும் குறைவு. நந்தனார் விடுதிப் பிள்ளைகளுக்கு இது எதுவுமே எட்டாத தூரம். அவர்களுக்கு எட்டியது எட்டாம் வகுப்பும் அதற்கு மேல் ஆசிரியப் பயிற்சியும். அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. 1920க்குப் பிறகு தொழிலாளர் துறை நம் மக்களுக்கென்று பள்ளிகளைத் திறந்தது. பெரியவர்கள் இன்னும் 'லேபர் ஸ்கூல்' என்றுதான் அவற்றைச் சொல்வார்கள். சேரிக்குள் கால்வைத்துப் பாடம் சொல்ல சாதி இந்து ஆசிரியர்கள் எளிதில் வரவில்லை. ஆகவே சேரிப் பள்ளிக்குச் சேரியிலிருந்தே வாத்தியார் தேவைப்பட்டார். தீண்டாமை தன்னையும் அறியாமல் நமக்கு ஏற்படுத்தித் தந்த ஒரே சம்பள உத்தியோகம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

என் சின்னத் தாத்தா அந்த வழியில் வந்தவர். நந்தனார் விடுதியில் தங்கிப் படித்து, பயிற்சி முடித்து, 'ஹையர் கிரேடு' வாத்தியாரானவர். எங்கள் தெருவில் முதலில் ஓடு போட்ட வீடு அவருடையது. சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் அதை அவர் சொல்லும் விதம் வேறு: "மாசம் பொறந்தா சம்பளம்டா. ஆண்டை வூட்டு வாசல்ல மரக்காலோட நிக்க வேணாம்." எந்தப் படிப்பு என்ன வேலை தரும் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் வருமானத்தை மட்டும்தான் அளக்கிறார்கள். யார் வாசலில் நிற்க வேண்டியதில்லை என்பதற்கு அவர்களிடம் அளவுகோல் இல்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் இந்த விஷயத்தை வேறு உயரத்திலிருந்து பார்த்தார். 1942இல் வைஸ்ராய்க்கு அவர் கொடுத்த மனுவில், கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் தாழ்த்தப்பட்டோருக்குப் பெரிய பயன் தராது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அது செலவு பிடித்த படிப்பு என்பதால் அரசுதான் பணம் தர வேண்டும் என்று வாதிட்டார். பொருளாதாரமும் சட்டமும் படித்தவரே இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1944இல் உதவித்தொகைத் திட்டம் வந்தது. இங்கே அண்ணாமலைப் பல்கலையில் 1945இல் பொறியியல் தொடங்கியது. நம் தெருக்களிலோ அப்போது பத்தாவதைத் தாண்டியவர்களை விரல் விட்டு எண்ணலாம். உதவித்தொகை இருந்தது, அதை வாங்கும் படிக்கட்டில் ஏறி நிற்க ஆள் இல்லை.

எந்தப் படிப்புக்கு மதிப்பு என்பதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. எந்த இடத்துக்காக நீதிமன்றம் வரை போகிறார்கள் என்று பார்த்தால் போதும். சென்னை மாகாணத்து வகுப்புவாரி ஆணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் 2 இடம் 'அரிஜனங்களுக்கு' என்று இருந்தது. அந்த ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராசனும் சி.ஆர். சீனிவாசனும் போட்ட வழக்குகள் மருத்துவத்தையும் பொறியியலையும் பற்றியவை. 1951இல் உச்சநீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து இடஒதுக்கீட்டைக் காப்பாற்றியது. புலவர் வகுப்பில் எங்களுக்கு இடம் போய்விட்டது என்று யாரும் கோர்ட்டுப் படி ஏறவில்லை.

இரண்டே வருஷத்தில், 1953இல், ராஜாஜி அரசு புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். பாடத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவை இவ்வளவு பட்டவர்த்தனமாக வேறு எந்த அரசாணையும் சொன்னதில்லை. குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள், 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. தச்சன் மகனுக்கு உளி, குயவன் மகனுக்குச் சக்கரம் என்று மேடையில் பேசினார்கள். பண்ணையாள் மகனுக்கு என்ன பாடம்? சாணி அள்ளுவதும் செத்த மாட்டைத் தூக்குவதும் மீதி நேரப் பாடத்திட்டத்தில் எந்தப் பிரிவில் வரும்? திட்டத்தை எதிர்த்த மேடைகளிலும் இந்தக் கேள்வி அதிகம் ஒலிக்கவில்லை. திட்டம் போன பிறகும் நாற்று நடவுக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் வருகைப் பதிவேடு அதே திட்டத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தது.

பிறகு தமிழுக்குக் காலம் வந்தது. 1956இல் ஆட்சிமொழிச் சட்டம், 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு, 1965இல் மொழிப் போர். அந்தப் போரில் அண்ணாமலைப் பல்கலை மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1967இல் ஆட்சி மாறியது. கல்லூரிகள் பெருகின, ஒவ்வொன்றிலும் தமிழ்த்துறை. தமிழ் எம்.ஏ. சோறு போட்ட காலம் அது. அந்தச் சோற்றைத் தின்றவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு தலைமுறை எழுத்தறிந்த குடும்பத்துப் பிள்ளைகள். தீண்டாமையையும் கல்வி நிலையையும் சேர்த்தே ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1969இல் வந்தது. அதற்குத் தலைமை வகித்த எல். இளையபெருமாள் நம் பக்கத்துக் காட்டுமன்னார்கோயில்காரர். தமிழ் மேடையில் முழங்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அவர் பிறந்த வட்டாரத்துச் சேரிகளில் எம்.ஏ. என்ற எழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டவர் அபூர்வம்.

1978இல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. இதன் சாதிப் பக்கத்தை யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் மனத்தாங்கல். கல்லூரி வாசலில் நடந்துகொண்டிருந்த பாடப் பிரிவினை பள்ளிக்கூட வாசலுக்கு இறங்கி வந்தது. பதினைந்து வயசில், முதல் குரூப்பா மூன்றாம் குரூப்பா என்ற இடத்தில் ஒருவனுடைய எதிர்காலம் முடிவாகிவிடுகிறது. முடிவு செய்வது அவனல்ல. நான் படித்த பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று ஓர் அறை இருந்தது, அதில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். "உங்க பசங்களுக்குக் கணக்கு வராது, வரலாறு குரூப்ல போடு" என்று சொன்ன ஆசிரியர் என் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கவே இல்லை. அப்படித்தான் நான் தமிழுக்கு வந்தேன். வந்த பிறகு அதை நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன், அது வேறு சங்கதி. பாபாசாகேப் சொன்ன அறிவியல் படிப்பை நான் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. அது என்னிடம் வரவே இல்லை.

எம்.ஏ. முடித்து பி.எட்.டும் முடித்து நான் வெளியே வந்தபோது, என் சின்னத் தாத்தாவின் கதவு சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது. அதுவரை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூப்பு வரும்வரை காத்திருப்பார்கள். கிழவனாவதற்குள் கார்டு வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2012இல் தகுதித் தேர்வு வந்தது. முதல் தேர்வை 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினோம், தேறியவர்கள் 2,448 பேர். 60 விழுக்காடு எல்லாச் சாதிக்கும் ஒரே மாதிரி. மற்ற இடங்களில் இருந்த மதிப்பெண் தளர்வு இதில் இல்லை. போராடிய பிறகு 2014இல்தான் 55 ஆயிற்று. அதற்கு முந்தைய பத்தாண்டில்தான் தனியார் ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் மூலைக்கு மூலை முளைத்திருந்தன. நகை விற்று, ஆட்டை விற்று நம் பெண்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

பொறியியலும் அப்படியே. 1984இல் சுயநிதிக் கல்லூரிகள் தொடங்கியபோது அது காசுள்ளவன் படிப்பு. 2012இல் அரசாணை 92 வந்து, சுயநிதிக் கல்லூரியிலும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு ஏற்றது. நல்ல ஆணைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் ஊருக்கு நாலு பி.இ. ஆகி, இடங்கள் காலியாகக் கிடந்து, கல்லூரிகள் ஆளில்லாமல் மூட ஆரம்பித்த காலம் வந்துவிட்டது. நம் பையன்களைத் தேடி வந்த கல்லூரி ஏஜென்டுகள் நம் பையன்களைத் தேடவில்லை, அவர்கள் பெயரில் அரசு தரும் கட்டணத்தைத் தேடினார்கள்.

இந்த நகரத்தில் வேலை தரும் பெரிய கை பல்கலைக்கழகம்தான். 2013இல் அதன் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஆட்கள் மிகுதி என்று கணக்கிட்டு ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வெளியூர் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். தனியார் நிர்வாகத்தில் இடஒதுக்கீடு பேச முடியாமல் தவித்தோம். அரசிடம் வந்து, இனிமேல் பேசலாம் என்று நிமிர்ந்தபோது, இருக்கிறவர்களுக்கே நாற்காலி இல்லை என்றார்கள்.

மிச்சம் இருப்பது கடைத்தெரு. நான்கு தேர்வீதிகளிலும் நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை, செல்போன் கடை, லாட்ஜ். இங்கே யாரும் பாடத்தைக் கேட்பதில்லை. "எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "எந்தத் தெரு?" என்பார்கள். தெருவைச் சொன்னால் "சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். பி.எஸ்சி. கணிதம் படித்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு கடையில் பில் போடுகிறாள். கல்லாவில் உட்கார விடமாட்டார்கள். பில் போட்ட பணத்தை வாங்குவது முதலாளியின் சாதிக்காரப் பையன், அவன் பத்தாவது ஃபெயில். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தவர்கள் விடியற்காலை பஸ்ஸில் நெய்வேலிக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். நான் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். சங்க இலக்கியம் தெரியுமா என்று அங்கே கேட்கவில்லை, "சார் வீட்டுக்குச் சாப்பிட வரலாமா, என்ன ஆளுங்க?" என்றுதான் கேட்டார்கள்.

படித்தவன் வேலையைத் தேர்ந்தெடுக்கிறான், கீழ்வேலைக்கு வரமாட்டேன் என்கிறான் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2019இல் கோயம்புத்தூர் மாநகராட்சியின் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு 7,000 பேர் வந்தார்கள், பொறியியல் பட்டதாரிகள் உட்பட. அது நிரந்தர அரசு வேலை, அதனால் வந்தார்கள். துடைப்பம் ஒப்பந்தத்தில் இருந்தவரை அது நம்முடைய தொழிலாக இருந்தது. சம்பளம் நிரந்தரமானதும் எல்லாருடைய தொழிலாயிற்று.

இதனால் தங்கை தம்பிகள் கேட்கும் கேள்விக்கு "எதை எடுத்தாலும் ஒன்றுதான்" என்று நான் சொல்வதில்லை. நர்சிங் எடுத்த பெண்கள் எங்கள் தெருவில் சீக்கிரம் காலூன்றியிருக்கிறார்கள், அதைச் சொல்கிறேன். முதல் குரூப் கேட்டு வாங்கு, தரமாட்டேன் என்றால் எழுதிக் கொடுக்கச் சொல் என்கிறேன். தமிழ் படிக்க ஆசைப்படுகிறவனிடம் படி என்கிறேன், கூடவே டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தையும் கையில் கொடுக்கிறேன்.

இந்த வருஷம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப்பில் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் இரண்டு முறை மனு கொடுத்துவிட்டோம். மூன்றாவது மனுவில் அந்தப் பெண்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.